‘ஏன் கேக்கிறியள்?’ எண்டு கேக்கேலாது

பிரதேச சபையில் எங்களிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, ‘ஏன் கேக்கிறியள்?’ இரண்டாவது, ‘நீங்கள் ஆற்ற பிள்ளையள்?’ மூன்றாவது, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, ‘எந்தக் கட்சி அனுப்பினது?’ நாங்கள் அறியப் போனதோ ஒரே ஒரு விசயம். ஒரு ஒழுங்கையில் சபை எத்தனை மீற்றருக்கு வடிகான் கட்டியது, அதற்கு எவ்வளவு செலவழித்தது. இதைச் சொல்ல எங்கட அப்பாமாரின் பெயர் எதற்கு எண்டு இன்றுவரைக்கும் எங்களுக்கு விளங்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மூன்று கேள்விகளுக்கும் எதிரானது. அதைவிட, அந்தக் கேள்விகளுக்குப் பணிவாகப் பதில் சொல்லிப் பழகிப்போன எங்களுக்கு எதிரானது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருத்தியின் வீடு இருக்கிற ஒழுங்கையில் ஒவ்வொரு மாரிக்கும் முழங்காலளவு தண்ணி நிற்கும். 2022 இல் சபை அங்கே வடிகான் கட்டத் தொடங்கியது. பாதி ஒழுங்கையோடு கொங்கிறீற் முடிந்துவிட்டது. மிச்சப் பாதி இன்னமும் மண்தான். முந்தி ஒழுங்கை முழுக்கப் பரவி நின்ற வெள்ளம், இப்போது வடிகான் வழியாக ஓடிவந்து அது முடிகிற இடத்தில் கொட்டுகிறது. அந்த இடத்தில் தனியே இருக்கிற ஒரு அம்மம்மாவின் வீடு. 2024 கார்த்திகை வெள்ளத்தில் அவவைக் கதிரையோடு தூக்கித்தான் வெளியில் கொண்டுவந்தார்கள்.

ஏன் வேலை பாதியில் நின்றது எண்டதற்கு ஒழுங்கைக்குள் ஆளுக்கொரு கதை இருந்தது. ‘ஒப்பந்தகாரர் காசை அடிச்சிட்டார்.’ ‘மெம்பர் தன்ர வீட்டு வாசல் வரைக்கும் போட்டிட்டு நிப்பாட்டினவர்.’ ‘மேல இருந்து காசு வரேல்லையாம்.’ எல்லாருமே உறுதியாகச் சொன்னார்கள். ஒருவரும் ஒரு தாளைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

2025 தை மாதம் நாங்கள் நாலு பேர் சபைக்குப் போனோம். முதல்நாள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வெளிக்கள வேலைக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் அலுமாரித் திறப்பு வைத்திருப்பவர் லீவு. மூன்றாம் நாள் திறப்பும் இருந்தது, உத்தியோகத்தரும் இருந்தார். ஆனால் எங்களுக்குக் கிடைத்தது, ‘படிக்கிற பிள்ளையளுக்கு உந்த வேலை எதுக்கு?’ என்ற புத்திமதி மட்டும்.

அன்றைக்குப் பின்னேரம் எங்களில் ஒருவனின் மாமா தனக்குத் தெரிந்த ஒரு முன்னாள் உறுப்பினருக்கு ஒரு கோல் எடுத்தார். அரை மணித்தியாலத்தில் அந்தக் கோவையின் ஒரு பக்கம் வட்சப்பில் வந்து விழுந்தது.

தெரிஞ்ச ஆள்

அந்தப் படத்தைப் பார்த்து முதலில் சந்தோசப்பட்டோம். பிறகு வெட்கமாக இருந்தது. மூன்று நாள் கிடைக்காத பக்கம் ஒரு கோலில் கிடைக்கிறது எண்டால், அது ஒளிக்க வேண்டிய பக்கம் இல்லை. எங்களுக்குக் காட்டத் தேவையில்லாத பக்கம், அவ்வளவுதான். மாமா இருக்கிறவனுக்கு அது திறந்திருக்கும். கதிரையோடு தூக்கப்பட்ட அம்மம்மாவுக்குப் பூட்டியிருக்கும். இத்தனைக்கும் அந்தப் பக்கத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டிய ஆள் அவதான்.

வந்த படத்தையும் எங்களால் ஒன்றுக்கும் பாவிக்க முடியவில்லை. மேல்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. திகதி இல்லை, முத்திரை இல்லை. யாரிடம் காட்டினாலும் ‘இது எங்கால வந்தது?’ எண்டுதான் கேட்பார்கள். சொன்னால் அந்த மனிசன் மாட்டுப்படுவார். சொல்லாவிட்டால் நாங்கள் பொய்யர். இப்படித் தெரிஞ்ச ஆளுக்கூடாக வருவது தகவல் இல்லை, உபகாரம். உபகாரத்துக்குக் கணக்கு உண்டு. தேர்தல் வரும்போது அந்தக் கணக்கைத் தீர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். எங்கட வீடுகளில் எத்தனை வாக்குகள் ‘அவர் அண்டைக்கு எங்கட அலுவலைச் செய்து தந்தவர்’ எண்ட ஒற்றைக் காரணத்துக்காகப் போடப்பட்டிருக்கின்றன? அந்த அலுவல்களில் எத்தனை, சட்டப்படி எங்களுக்குச் சும்மா கிடைத்திருக்க வேண்டியவை?

‘தெரிஞ்ச ஆக்கள் இருந்தால் எல்லாம் சரிவரும்’ என்பது எங்கட சமூகத்தின் அனுபவ ஞானமாக ஆகிவிட்டது. போர்க்காலத்தில் அது உயிர் காத்திருக்கலாம். ஒரு பதிவுத் துண்டுக்காக, ஒரு பாஸுக்காக யாரையோ பிடித்து அலைந்த தலைமுறையை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை அப்படியே எங்கட கையில் தரும்போது நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. உரிமையாக இருப்பதை உதவியாகக் கேட்கிற ஒவ்வொரு முறையும், அடுத்த ஆளுக்கு அதை இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது

எழுதிக் கேட்பது எண்டு முடிவெடுத்த பிறகுதான் நாங்கள் சட்டத்தையே வாசித்தோம். கலைப்பீடத்தில் மூன்று வருடம் ‘சிவில் சமூகம்’, ‘ஆளுகை’ எண்டு பக்கம் பக்கமாக எழுதிய பிறகு. அதுவும் வெட்கம்தான்.

2015 இல் வந்த 19ஆம் திருத்தம், தகவலை அணுகும் உரிமையை 14அ உறுப்புரையாக அரசியலமைப்பில் சேர்த்தது. அதன் தொடர்ச்சியாக 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அமைச்சுகள், திணைக்களங்களுக்கு மட்டுமில்லை, பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை எல்லாவற்றுக்கும் பொருந்தும். வேறொரு சட்டம் மறைக்கச் சொன்னாலும் இந்தச் சட்டம்தான் மேலோங்கும்.

அதில் எங்களுக்கு ஆகப் பிடித்த ஏற்பாடு 24ஆம் பிரிவில் இருக்கிறது. தகவல் கேட்கிறவர் ஏன் கேட்கிறார் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. தொடர்புகொள்ளத் தேவையான விபரம் தவிர வேறெந்தத் தனிப்பட்ட விபரமும் கொடுக்கத் தேவையில்லை. ஆற்ற பிள்ளை எண்டதும் எந்தக் கட்சி எண்டதும் அதற்குள் வராது. வாசலில் எங்களிடம் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளையும் சட்டம் ஏற்கனவே தள்ளுபடி செய்துவிட்டது. எங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. எழுதமுடியாத ஒருவர் வாயால் கேட்டால், தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிய வேண்டும். அந்த அம்மம்மாவும் கேட்கலாம். கடிதம் எழுதித் தர ஆள் பிடிக்கத் தேவையில்லை. கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா எண்டு முடிவு சொல்ல வேண்டும். தருவது எண்டு முடிவெடுத்தால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தர வேண்டும். முடியாவிட்டால் காரணம் சொல்லி அதிகபட்சம் இன்னும் 21 நாட்கள் எடுக்கலாம். ஒருவரின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவல் எண்டால் 48 மணித்தியாலம்.

நாங்கள் எழுதினோம். ஒப்புகை கேட்டோம். ‘அப்பிடியெல்லாம் நாங்கள் குடுக்கிறேல்லை’ எண்டார்கள். தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நாலாம் நாள், கடிதத்தில் கையெழுத்து வைத்தவளின் அப்பாவுக்கு ஒரு கோல் வந்தது. மிரட்டல் இல்லை. சரியான மரியாதையான குரல். ‘அண்ணை, உங்கட மகள் ஏதோ கடிதம் போட்டிருக்கிறா. நல்லாப் படிக்கிற பிள்ளை. பிறகு வேலைவெட்டி எண்டு வரேக்க பேர் அடிபடக் கூடாது பாருங்கோ.’

இவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் அன்றிரவு ஒருவரும் சாப்பிடவில்லை. அரச கந்தோரில் ஒரு தாளில் மகளின் பெயரும் விலாசமும் இருக்கிறது எண்டது, எங்கட அப்பா அம்மாமாருக்குச் சின்ன விசயம் இல்லை. பட்டியல்களில் பெயர் இருந்ததால் வந்த வினைகளைக் கண்ணால் கண்ட ஆக்கள் அவர்கள். அவள் பின்வாங்கினாள். அவளை நாங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோல் எடுத்தவருக்குத்தான் சொல்ல இருக்கிறது. ஒரு வடிகானின் நீளத்தைக் கேட்டதற்கு ஒரு வீட்டின் பழைய பயத்தைத் தட்டி எழுப்பினீர்கள். அது சின்னச் சாதுரியம் எண்டு நீங்கள் நினைத்திருக்கலாம். எங்கட பார்வையில் அது அசிங்கம்.

வழி சட்டத்துக்குள்ளேயே இருந்தது. ‘பிரசை’ எண்டால் தனி ஆள் மட்டுமில்லை. உறுப்பினரில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாதவர்கள் இலங்கைப் பிரசைகளாக இருக்கும் ஒரு அமைப்பும் கேட்கலாம். கூட்டிணைக்கப்பட்ட அமைப்பாக இருக்க வேண்டும் எண்டும் இல்லை. வாசகர் வட்டம், விளையாட்டுக் கழகம், மாதர் சங்கம் எதுவும் கேட்கலாம். எங்கட கூட்டின் பெயரில் திரும்ப எழுதினோம். யாருடைய அப்பாவுக்குக் கோல் எடுப்பது எண்டு தெரியாமல் போனது போல. கோல் வரவில்லை. பதிலும் வரவில்லை. 14 வேலை நாட்கள் முடிந்ததும், குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போட்டோம். பதில் வராமல் விடுவதும் மேன்முறையீட்டுக்குரிய காரணம்தான். அதை 14 நாட்களுக்குள் போட வேண்டும். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வைகாசியில் ஒரு கடித உறை வந்தது.

பதினொரு பக்கம்

உறைக்குள் பதினொரு பக்கம் இருந்தது. மதிப்பீடு, அளவீட்டுப் பதிவு, கொடுப்பனவு வவுச்சர், சபைக் கூட்டறிக்கையின் இரண்டு பக்கங்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் ஒரு குறிப்பு. எல்லாவற்றிலும் உறுதிப்படுத்திய முத்திரை.

வாசித்து முடிய எங்களுக்குள் யாரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. ஒப்பந்தகாரர் களவெடுக்கவில்லை. வேலை ஆரம்பத்திலேயே இரண்டு கட்டமாகத்தான் போடப்பட்டிருந்தது. முதற்கட்டத்துக்கு அளந்த அளவுக்குத்தான் காசு கொடுக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் நாடா பிடித்து அளந்தும் பார்த்தோம். சரியாக இருந்தது. மெம்பரின் வீடு கட்டப்பட்ட பாதியில் இருப்பது உண்மை. ஏனெண்டால் அந்தப் பாதிதான் பெரிய றோட்டுப் பக்கம். வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 2022 இன் கடைசியில் நடந்த கூட்டத்தில், இரண்டாம் கட்டத்தை அடுத்த வருடம் செய்வதாகத் தீர்மானம் இருக்கிறது. அதற்குக் கீழே உத்தியோகத்தரின் குறிப்பு. முதற்கட்டத்தோடு நிறுத்தினால் முடிவிடத்தில் நீர் தேங்கும், ஆகவே மாரிக்கு முன் மிகுதியையும் முடிக்க வேண்டும் எண்டு தெளிவான தமிழில் எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கோவையில் எதுவுமே இல்லை. ஏன் இல்லை எண்டதைக் காலக்கணக்குச் சொல்கிறது. 2023 மார்ச் 9 இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நடக்கவில்லை. காசில்லை எண்டார்கள். மார்ச் 19 நள்ளிரவோடு சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே 6 இல். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் எங்கட வட்டாரத்துக்கு உறுப்பினர் இல்லை, கூட்டம் இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை. சபை செயலாளரின் கையில் இருந்தது. தீர்மானம் எடுத்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது நினைவில் இருந்த ஒரே இடம் அந்தக் கோவை. அந்தக் கோவையைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு மாரி அப்படியே போனது. அந்த அம்மம்மாவின் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததற்குக் கள்ளன் தேவைப்படவில்லை. யாரும் கேட்காமல் விட்டதே போதுமாக இருந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர் 2024 வெள்ளத்தின்போது அந்த ஒப்பந்தகாரரைக் கள்ளன் எண்டு முகநூலில் எழுதியிருந்தார். இருநூறு பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். பதினொரு பக்கத்தையும் வாசித்த பிறகு அதை அழித்து, பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதை ஏழு பேர் பகிர்ந்தார்கள்.

எங்களுக்குச் சொல்லப்படும் நியாயங்கள்

இதையெல்லாம் சொல்லும்போது எங்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்கிற பதில்கள் சில உண்டு.

‘கந்தோரில் ஆள் காணாது. உங்கட கடிதத்துக்குப் பதில் எழுதுறதோ, வேலையைச் செய்யிறதோ?’ ஆளணி காணாது எண்டதை நாங்கள் நம்புகிறோம். ஆனால் ஆவணங்களை நிரைப்படுத்தி, சுட்டியிட்டு, தேடி எடுக்கக்கூடிய மாதிரி வைத்திருக்க வேண்டும் எண்டு 7ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் வரும்போது ஏற்கனவே இருந்த ஆவணங்களை 10 வருடத்துக்கும், அதற்குப் பிறகு உருவானவற்றை 12 வருடத்துக்கும் பேண வேண்டும். அப்படி வைத்திருந்தால் பதினொரு பக்கத்தை எடுக்க எவ்வளவு நேரம் போகும்? அதைவிட லேசான வழியும் இருக்கிறது. மாதக் கூட்டறிக்கையையும், நடந்த வேலைகளின் மதிப்பீட்டையும், கொடுத்த காசையும் நீங்களே அறிவித்தல் பலகையில் போடுங்கோ. நாங்கள் கடிதமே எழுதமாட்டோம்.

‘பக்கத்து வீட்டுக்காரனோட இருக்கிற கோவத்துக்கு அவன்ர கட்டட அனுமதிக் கோவையைக் கேக்கிறாங்கள்.’ கேட்கிறார்கள்தான். அதற்குத்தான் 5ஆம் பிரிவு இருக்கிறது. பொது நலனோடு சம்பந்தமில்லாத தனிப்பட்ட விபரங்களை மறுக்கலாம். ஒரு பகுதி மறைக்க வேண்டியது எண்டால் அதை மட்டும் மறைத்து மிச்சத்தைத் தர வேண்டும். மறைப்பதைவிட வெளியிடுவதில் பொது நலன் கூட எண்டால் வெளியிட வேண்டும். ஒருவன் பிழையான காரணத்துக்குக் கேட்கிறான் எண்டதற்காக எல்லாருக்கும் கதவைப் பூட்டுவது நியாயம் இல்லை.

‘உங்களால எங்கட வேலை போகும்.’ இதைச் சொல்கிற கீழ்நிலை உத்தியோகத்தர்களின் பயம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கோ. அந்தப் பதினொரு பக்கம் யாரைக் காப்பாற்றியது? தன் வேலையைச் சரியாகச் செய்து, எச்சரித்துக் குறிப்பும் எழுதிவைத்த அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தரைத்தான். ஒழுங்கைக்குள் அவருக்கும் சேர்த்துத்தான் திட்டு விழுந்துகொண்டிருந்தது. சட்டப்படி கொடுக்கக்கூடிய தகவலைக் கொடுத்ததற்காக உத்தியோகத்தரைத் தண்டிக்க முடியாது எண்டும் சட்டத்தில் இருக்கிறது. மறைத்தால்தான் ஆபத்து. கேட்கப்பட்ட ஆவணத்தை வேண்டுமென்றே அழித்தால், திரித்தால், பொய்த் தகவல் கொடுத்தால் 50,000 ரூபா வரை தண்டம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கடைசி நியாயம் எங்கட தோழர்களிடமிருந்து வருவது. ‘இது அரசின்ர சட்டம். தாள் கேட்டு அதிகாரத்தை மாத்தேலாது.’ இதற்குத்தான் நாங்கள் ஆகக் கோபப்படுகிறோம். மேடையில் 13ஆம் திருத்தம், சமஷ்டி, அதிகாரப் பகிர்வு எண்டு கதைக்கிறோம். 13ஆம் திருத்தத்தின் கீழ் உள்ளூராட்சி மாகாணங்களின் விடயம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் இல்லை. அப்படியெண்டால் இண்டைக்கு எங்கட கையில் மிஞ்சியிருக்கிற, எங்கட வாக்கில் வந்து, எங்கட மொழியில் பதிவு வைக்கிற அதிகாரம் எது? வடக்கு கிழக்கில் பொதுப் பதிவேடுகள் தமிழில் பேணப்பட வேண்டும் எண்டு அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்தத் தமிழ்ப் பதிவேட்டை ஒருநாளும் திறந்து பார்க்காத நாங்கள், கொழும்பிடம் இன்னும் அதிகாரம் கேட்கிறோம். கேட்க வேண்டும். அதே நேரம், கையிலிருக்கிற கொஞ்சத்தை எங்கட ஆக்களே எப்படிப் பாவிக்கிறார்கள் எண்டும் பார்க்க வேண்டும்.

மலையகத்துத் தோழர்களுக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை வேலைசெய்வதற்குச் சட்டமே தடையாக இருந்தது. 2018 இல் வந்த திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அதற்குப் பிறகு உங்கட சபை ஒவ்வொரு வருடமும் தோட்டங்களுக்குள் எவ்வளவு செலவழித்தது? வருடவாரியாகக் கேளுங்கோ. வடக்கு கிழக்குக்கு வெளியிலும் தமிழில் எழுதிக் கேட்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனி என்ன செய்வது

முதலில் யாரிடம் கேட்பது எண்டு தெரிய வேண்டும். பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றில்லை. முதலாவது நாங்கள் தெரிவுசெய்தது, இரண்டாவது மத்திய நிர்வாகத்தின் கை. றோட்டு எண்டால் ஏ, பி வகை வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. சி, டி வகை மாகாணத்தினுடையது. ஒழுங்கைகளும் உள்வீதிகளும்தான் பெரும்பாலும் சபையினுடையவை. வாசிகசாலை, சந்தை, தெருவிளக்கு, குப்பை, சோலைவரி, கட்டட அனுமதி எல்லாம் சபை.

சபையின் வாசலில் தகவல் அலுவலரின் பெயர், மேன்முறையீட்டு அலுவலரின் பெயர், கட்டணம் எல்லாம் போட்ட அறிவித்தல் தொங்க வேண்டும். இது 26ஆம் பிரிவு. இல்லாவிட்டால் முதலில் அதைக் கேளுங்கோ. தகவல் அலுவலர் நியமிக்கப்படவில்லை எண்டால் அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். ‘ஆள் இல்லை’ எண்ட கதை எடுபடாது.

அடுத்தது, எப்படிக் கேட்பது. ‘ஏன் எங்கட ஒழுங்கையைத் திருத்தேல்லை?’ எண்டு எழுதினால் ‘நிதி இல்லை’ எண்டு ஒரு வரி வரும். சட்டம் தருவது ஆவணம், விளக்கம் இல்லை. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கோ. இன்ன வருடம் இன்ன ஒழுங்கையில் நடந்த வேலையின் மதிப்பீடு, அளவீட்டுப் பதிவு, வவுச்சர், அது சம்பந்தமான தீர்மானம் உள்ள கூட்டறிக்கைப் பக்கம். ஒரு கடிதத்தில் ஒரு வேலை. விண்ணப்பப் படிவம் கட்டாயமில்லை, வெறும் கடிதம் போதும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆணைக்குழு 2017 இல் வெளியிட்ட விதிகளின்படி ஏ4 நிழற்பிரதி ஒரு பக்கத்துக்கு 2 ரூபா. பிரதி வேண்டாம் எண்டால் போய் இருந்து பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம்.

மேன்முறையீட்டு அலுவலரும் தராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம். ஆகவே பதிவுத் தபால் துண்டைத் தொலைக்காதேங்கோ. திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. நாள் கணக்கில் கந்தோர் பிழைவிட்டால் அது எங்களுக்குப் பலம். நாங்கள் பிழைவிட்டால் அது அவர்களுக்குப் பலம்.

சிலது கேட்காமலே கிடைக்கும். உள்ளூராட்சி மன்றங்களின் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகம்தான் பரிசோதிக்கிறார். அந்த அறிக்கைகள் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன. உங்கட சபையின் பெயரைத் தேடி எடுங்கோ. அறவிடாத வரி, பாவிக்காமல் நிற்கும் வாகனம், முடிக்காத வேலை, இந்தமாதிரி விசயங்களைத்தான் அதில் கவனிப்பார்கள். எங்கட பீடத்தில் உள்ளூராட்சி பற்றி இறுதியாண்டு ஆய்வு செய்கிறவர்கள் ஐம்பது பேரிடம் வினாக்கொத்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஒரு கணக்காய்வு அறிக்கையை, ஒரு கூட்டறிக்கையை மேற்கோள் காட்டிய ஆய்வை நாங்கள் இன்னும் காணவில்லை. ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற தம்பி தங்கச்சிமாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

புதிய சபையில் எங்கட வட்டாரத்துக்கு வந்த உறுப்பினரிடம் அந்தப் பதினொரு பக்கத்தின் பிரதியையும் கொடுத்தோம். இப்படி ஒரு தீர்மானம் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒழுங்கை ஆக்களைக் கூட்டிவைத்து வாசித்தும் காட்டினோம். அந்த அம்மம்மா உத்தியோகத்தரின் குறிப்பை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னா. ‘நீர் தேங்கும்’ எண்ட இடத்தில், ‘அப்ப அவைக்கு முதலே தெரியுமே?’ எண்டு கேட்டா. எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இரண்டாம் கட்டம் இன்னும் கட்டப்படவில்லை. அடுத்த வருடத்துக்கான பாதீட்டு வரைபைச் சபை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது நாங்கள் போவோம். ஒழுங்கை ஆக்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் அந்த வேலை இல்லாவிட்டால் அடுத்த கடிதம் போகும்.

இதை வாசிக்கிற நீங்கள் இந்த மாதம் உங்கட சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. உங்கட வாசிகசாலைக்குப் போன வருடம் எத்தனை புத்தகம் வாங்கினார்கள் எண்டாவது கேளுங்கோ. மாமாவுக்குக் கோல் எடுக்காதேங்கோ. தனிய எழுதப் பயமெண்டால் நாலு பேர் சேர்ந்து கழகத்தின் பெயரில் எழுதுங்கோ. வந்த பதிலை எங்களுக்கும் அனுப்புங்கோ, போடுகிறோம். வராத பதிலையும் திகதியோடு போடுகிறோம். வாசலில் யாராவது ‘ஏன் கேக்கிறியள்?’ எண்டு கேட்டால், 24ஆம் பிரிவை வாசிக்கச் சொல்லுங்கோ. மரியாதையாகச் சொல்லுங்கோ. ஆனால் சொல்லாமல் வராதேங்கோ.